இரண்டு மேசையும் ஒரு மலை எஞ்சினும்

குன்னூர்,
ஐப்பசி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் தொலைபேசியில், "ஊரார் தையல் மெஷினையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தால் உன் எஞ்சின் எப்போதம்மா முடியும்?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நம் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பார்த்து நான் செய்யும் சின்ன மாதிரி எட்டு மாதமாக அதே நிலையில்தான் நிற்கிறது. எட்டு இயக்குச் சக்கரங்களும் சுழல்கின்றன. கொதிகலன் உட்கார்ந்துவிட்டது: குளியலறைக் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பிவிசி துண்டு, அதன்மேல் பித்தளைத் தகடு. சுற்றளவு கண்டு, ஒட்டுக்கு நாலு மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன். முதல் வெட்டிலேயே பொருந்தியது. முப்பது வருடம் ரவிக்கைக் கை வெட்டியவளுக்கு இது ஒரு காரியமா?

தடுமாறியது சிலிண்டரில்தான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914-இலிருந்து கட்டிய இந்த எக்ஸ் வகை எஞ்சினுக்குப் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே இருப்பது தண்டவாளச் சக்கரங்களை ஓட்டும். ஏற்றத்தில் அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய், நடுவே உள்ள பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். இவ்வளவும் புரிந்தது. எந்தக் கம்பி எப்போது முந்த வேண்டும் என்பதுதான் படத்தை எத்தனை முறை பார்த்தும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் கீழ்வீட்டு அக்கா தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெஷினைக் கொண்டுவந்தார். ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் மேலேறும் அந்தக் கணத்தில், அடியில் சுழலும் ஷட்டிலின் கூர்முனை வந்து நூல் வளையத்தைக் கவ்வ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தையல் விழாது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே உறைத்தது: பிஸ்டன் கோடியைத் தொடுவதற்குள் நீராவியை உள்ளே விடும் வால்வு கிளம்பியிருக்க வேண்டும். நான் அந்த வால்வை அசைக்கும் கிராங்கைத் தப்பான கோணத்தில் பற்றவைத்திருந்தேன். அன்று இரவே பிரித்துவிட்டேன். திரும்பப் பற்றவைப்பதற்குள் கல்யாண ரவிக்கைகள் வந்துவிட்டன என்பது வேறு கதை.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் நடுவே ஓடும் பல்தண்டவாளத்தை உன் அப்பாவுக்கு விளக்கியதும் தையல் பெட்டியை வைத்துத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதில் இடைவெளி. ஒரு பல் விலகும்போது இன்னொன்று பிடித்திருக்கும். ஸ்வெட்டர் ஜிப்பை எடுத்துக் காட்டினேன். "இதைத்தான் அரை மணி நேரமாகச் சொன்னாயா?" என்றார்.

எஞ்சின் வேலையையும் மெஷின் வேலையையும் கலந்தால் வரும் கேட்டையும் மறைக்க மாட்டேன். போன வருடம் இதே ஐப்பசியில், மெஷினுக்கு வந்தவர் வாசலில் நிற்க, அவசர அவசரமாக எஞ்சினின் ஓட்டுநர் அறைக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அதன்மேல் பனியாய்ப் படியும். காலையில் பார்த்தால் விபூதி பூசியது போல் வெளுத்துக் கிடந்தது. முழுவதும் சுரண்ட வேண்டியதாயிற்று. இனிமேல் சாயம் மாசி, பங்குனியில்தான். மழைக்காலம் மெஷின்களுக்கு.

மேசையும் இரண்டாகிவிட்டது. அராவிய பித்தளைத் தூள் பட்டில் ஏறினால் போகவே போகாது. ஈயம் பற்றவைக்கும் நாளில் துணியைத் தொடுவதில்லை. நுண்ணிய அறுப்பு வேலைக்குக் காலை பதினொரு மணி வரைதான் வெளிச்சம். பிறகு மூடுபனி வந்துவிடும், பாபின் சுற்றுவேன்.

நீ பிறந்தநாளுக்கு அனுப்பிய ரெடிமேட் எஞ்சின் மாதிரிப் பெட்டி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. எல்லாத் துண்டும் வெட்டியே வந்திருக்கிறது. எனக்கு வெட்டத்தான் ஆசை.

தீபாவளிக்கு வரும்போது நகை ஆசாரிகளின் ரம்பத்துக்கான மெல்லிய பிளேடு இரண்டு டஜன் வாங்கி வா. இங்கே கிடைக்கும் தடித்த பிளேடு வளைவில் முறிகிறது. ஜிப் போன உன் கறுப்புப் பையையும் எடுத்து வா. மேல் சிலிண்டரின் அளவை இன்னொரு முறை சரிபார்க்க ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றிருந்தேன். மலையில் மண் சரிந்து இரண்டு நாளாக ரயில் வரவில்லை. நீ வந்தபின் சேர்ந்தே போவோம். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
அம்மா