25 ரூபாய் பாமாயிலின் மீதி விலை

மாண்புமிகு உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக மானாவாரியில் நிலக்கடலை போட்டு, வீட்டோடு ஒரு மரச்செக்கும் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். நியாயவிலைக் கடைகளில் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் வீதம் 25 ரூபாய்க்கு வழங்கப்படும் பாமாயிலைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. வெளிச்சந்தையில் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து எண்ணெய் வாங்க இயலாத தாய்மார்களுக்கு அந்தப் பாக்கெட் எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை அறிவேன். எங்கள் அடுப்படியிலும் அது இருக்கிறது.

ஆயினும் அதன் விலை 25 ரூபாயோடு முடிவதில்லை. அரசு தரும் மானியமாவது கணக்கில் ஏறுகிறது. கணக்கில் ஏறாதவற்றைத்தான் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடலை ஆட்டினால் எண்ணெய் மட்டும் கிடைப்பதில்லை. உரலின் ஓரத்தில் சூட்டோடு இறுகிக் கிடக்கும் புண்ணாக்கை என் தந்தையார் கம்பியால் நெம்பி எடுத்துப் போடுவார்; இரவில் தொட்டியில் ஊறவைத்தால் விடியற்காலையில் கறவை மாட்டுக்கு அதுவே தீவனம். கடலைக்கொடி படப்பில் ஏறிக் கோடையைத் தாங்கும். வேர்முடிச்சுகள் சேர்த்துவைத்த தழைச்சத்தில் அடுத்துப் போடும் சோளத்துக்கு உரச்செலவு குறையும். கடலை ஆயவும் உடைக்கவும் வரும் பெண்களுக்குக் கூலி கிடைக்கும். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்து நட்ட தோட்டங்களிலிருந்து கப்பலில் வரும் எண்ணெயால் இவற்றில் ஒன்றும் எங்கள் ஊருக்கு வருவதில்லை.

1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு இது. 1994-இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. இன்று நம் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கள் செக்கு நின்றுபோன பிறகு மாட்டுக்கான புண்ணாக்கையும் கடையில்தான் வாங்குகிறோம்.

உடல்நலத்தின் கணக்கும் உண்டு. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடிய நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது அரசு. பல வீடுகளில் அந்த மாத்திரை அட்டையும் பாமாயில் பாக்கெட்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. நோய்க்கு இந்த எண்ணெய் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு செலவையும் ஒரே அரசு செய்கிறது, அவற்றை ஒருசேர வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனவே, மதுரை மாவட்டத்தின் சில நியாயவிலைக் கடைகளிலாவது, விரும்பும் அட்டைதாரர்களுக்குப் பாமாயிலுக்கு மாற்றாக அரை லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சோதனை முறையில் வழங்க வேண்டுகிறேன். அதற்கான கடலையையும் எள்ளையும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக இவ்வட்டார விவசாயிகளிடமே வாங்கலாம். லிட்டருக்கான மானியம் கூடும் என்பது உண்மை. அந்தப் பணம் புண்ணாக்காகவும் கூலியாகவும் இதே மாவட்டத்தில் சுற்றிவரும்.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை எடுத்துவைப்பதா, எல்லாவற்றையும் விற்றுவிடுவதா என்பதை வைகாசியிலேயே நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். தங்கள் முடிவு அதற்குமுன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரக் கடலை விவசாயி