ஹிமெயுரி மாணவிகள்: அந்த வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானின் ஒகினாவா தீவில் 1945இல் ஜப்பானியப் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த போர் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் கப்பல், பீரங்கிக் கணக்கெல்லாம் விரிவாக இருக்கிறது. ஹிமெயுரி மாணவிகளுக்கு மட்டும் ஒரே வரி: ஜப்பானியப் படையோடு நின்று உயிர்விட்ட செவிலிப் பெண்கள் என்று. ஆபரேஷன் தியேட்டரிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். அந்த வரியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில், அவர்கள் செவிலியர்களே அல்ல. 1945 மார்ச்சில் இரண்டு பள்ளிகளிலிருந்து 222 மாணவிகளையும் 18 ஆசிரியர்களையும் ஹாயெபாரு ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பிப் பாடப்புத்தகங்களையும் எடுத்துப் போயிருந்தார்கள். மருத்துவமனை என்றாலும் அது மலையைக் குடைந்த சுரங்கம்தான். மயக்க மருந்து போதாமல் கை, கால்களை அறுக்கும்போது மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அறுத்ததைக் குண்டுகளுக்கு நடுவே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். முறையாகப் பயிற்சி பெற்று வந்த எங்களுக்கே முதல் தடவை கால் அகற்றும்போது கை நடுங்கும். மே மாதக் கடைசியில் படை தெற்கே பின்வாங்கியபோது, நடக்க முடியாத நோயாளிகளுக்குப் பாலில் சயனைடு கலந்து கொடுத்த கொடுமையும் நடந்தது.

அப்புறம்தான் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட விஷயம். ஜூன் 18 அன்று, இனி நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராணுவம் அவர்களைக் கலைத்துவிட்டது. சுற்றிலும் அமெரிக்கப் படை. பிடிபட்டால் மானமும் போகும், உயிரும் போகும் என்று முன்பே பயமுறுத்தி வைத்திருந்ததால் சரணடையவும் துணியவில்லை. மறுநாள் காலை இஹாரா குகைக்குள் விழுந்த குண்டின் புகையிலேயே ஆசிரியர்களும் மாணவிகளுமாகச் சுமார் 40 பேர் மாண்டார்கள். அராசாகி கடற்கரையில் சிலர் கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மொத்தம் இறந்த 136 பேரில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் அந்த உத்தரவுக்குப் பிறகு, சில நாட்களுக்குள் இறந்தவர்கள். படையோடு நின்று சாகவில்லை ஐயா, படை கைவிட்டதால் செத்தார்கள்.

உயிர்பிழைத்தவர்களும் பழைய மாணவிகளும் சேர்ந்து 1989இல் அந்த இஹாரா குகை அருகே அருங்காட்சியகம் அமைத்தார்கள். இறந்தவர்களின் படங்களோடு, யார் எங்கே எப்படி இறந்தார் என்று தெரிந்தவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பாடுபட்டுச் சேர்த்த விவரம் இருக்கும்போது நாம் பொத்தாம்பொதுவாக எழுதுவது நியாயமில்லை. அடுத்த ஞாயிறு இதழில், அந்த ஜூன் 18 உத்தரவையும் சேர்த்து, திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் வாசகி