வாப்-7 வருகிறது, சேகர்

செங்கல்பட்டு,
ஞாயிறு இரவு

அன்பு சேகர்,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் பெரியவளுக்கு வளைகாப்பு, நடுவில் மழைக்கு மாடி அறை ஒழுகியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அங்கே இருக்கிற மாடல் ரயில் லேஅவுட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு படிப்பாய் என்று தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூ.ஏ.பி-7 மின்சார ரயில் எஞ்சின் மாடலாக வருகிறது. எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, நம்ம ஊர் வாப்-7! ஆஸ்திரிய லோகோவை வாங்கி நாமே பெயிண்ட் அடித்து, 'கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்' என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோமே, அந்தக் கதையெல்லாம் இல்லை. செய்பவர் நம்ம நாட்டுக்காரர், சின்னப் பட்டறை, நாலைந்து பேர்தான். பெயரை நேரில் சொல்கிறேன். முன்பதிவு குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் டை (வார்ப்பு அச்சு) வெட்டுவாராம். அதுவரை 3டி பிரிண்டில் செய்த ஒரு மாதிரிதான் இருக்கிறது. அதன் படங்களை எனக்கு அனுப்பினார். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நிஜ லோகோ முனைக்கு முனை, பஃபருக்குப் பஃபர், 20,562 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 236. அவருடைய மாதிரி 236 இருக்கிறது என்கிறார். முன் கண்ணாடியின் சாய்வு சரி. பக்கவாட்டுக் காற்றுத் துவாரங்களின் வரிசை சரி. போகி, அதாவது சக்கரங்களைத் தாங்குகிற சட்டம், மிக நன்றாக இருக்கிறது. மூன்று அச்சு, சுருள் ஸ்பிரிங், குறுக்கே போகிற, அதிர்வை அடக்குகிற டாம்பர்கூட விட்டுப்போகவில்லை. கூரைதான் சரியில்லை. மேல் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற பாண்டோகிராஃப் ஏதோ ஐரோப்பியக் கடையில் வாங்கி ஒட்டியது, கை மெலிந்து கிடக்கிறது. விசிபி என்கிற பெரிய மின்சுவிட்ச் பக்கத்தில் இன்சுலேட்டர் ஒன்று குறைகிறது. இரண்டு பக்கத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். மறுநாளே, "சார், கூரையை மாத்திடறேன்" என்று பதில் வந்தது. இந்த ஆளை நம்பலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

நம்பிக்கை என்று ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்தப் பழைய முன்பதிவில் போன பணம் போனதுதான். அதனால்தான் இந்த முறை நேராக பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேசையில் அரை டஜன் சக்கரத் தொகுதி, ஓரத்தில் காலையில் குடித்த டீ கிளாஸ், சுவரில் சித்தரஞ்சன் லோகோ தொழிற்சாலை வரைபடத்தின் பிரதி. ஒரு போகியைக் கையில் கொடுத்தார். அச்சை விரலால் தள்ளிவிட்டால் தானாக ஏழெட்டுச் சுற்று சுற்றுகிறது. திரும்பி வந்ததும் பணம் கட்டிவிட்டேன்.

சரி, இப்போது நீ சண்டைக்கு வருவாய். கேஜ் (தண்டவாள இடைவெளி) என்ன என்பாய். 16.5 மில்லிமீட்டர்தான், சேகர். தெரியும். நம்முடைய பிராட் கேஜ் 1,676. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். எச்ஓ தண்டவாளம் நீ இருக்கிற சுவிட்சர்லாந்தின் 1,435-க்குப் போட்டது. ஆக, பக்கவாட்டில் பார்த்தால் வாப்-7, நேர் எதிரே நின்று பார்த்தால் சக்கரம் மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 19.3-இல் செய்தால் எந்தக் கடையில் தண்டவாளம் வாங்குவது? தடம் மாற்றுகிற பாயிண்ட் யார் செய்வது? ஆளுக்கு ஆள் கையால் ரயில் போட்டு உட்கார்ந்தால் இந்த நாட்டில் பத்துப் பேர் வாங்குவார்கள், பத்துப் பேருக்காக யாரும் டை வெட்ட மாட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1:76 லோகோவை இதே 16.5-இல் எத்தனை தலைமுறையாக ஓட்டுகிறார்கள்! மூன்றாவது தண்டவாளத்துக்குப் பதிலாக நடுவில் ஆணி ஆணியாக வைத்து ஓட்டுகிற மார்க்லின் கம்பெனி பக்தன் நீ, என் கேஜைப் பற்றிப் பேசக் கூடாது.

இன்னொன்று. உன் மார்க்லின் ரே 460, சுவிஸ் லோகோ, இருக்கிறதே, அந்தச் சிவப்புக் குதிரை, அதற்கும் இதற்கும் உறவு உண்டு என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். கணக்கைப் பார். உங்கள் ரே 460-க்கு மின்பகுதி செய்தது ஏபிபி கம்பெனி. அதே ஏபிபியிடமிருந்துதான் 1990-களின் நடுவில் நமக்கு வாப்-5 வந்தது, வாக்-9 வந்தது. வாக்-9 சரக்கு வண்டிக்கு. அதன் கியரை மாற்றி, வேகத்துக்குத் தோதாக்கி, சித்தரஞ்சனில் செய்ததுதான் வாப்-7. முதல் வண்டி 30201, 'நவ்கிரண்' என்று பெயர் வைத்தார்கள். ஆறு அச்சிலும் மோட்டார், ஆறாயிரம் குதிரைத்திறனுக்கு மேல், 24 பெட்டியை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறது. ஆக, உன்னுடையது பெரியப்பா பிள்ளை, என்னுடையது சித்தப்பா பிள்ளை.

இவ்வளவு நீட்டி முழக்கியது இந்த உறவைச் சொல்லத்தான். ஏனென்றால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு குரல் உண்டு. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

லோகோவில் ஒலி வைக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். 21 பின் சாக்கெட் வைக்கிறார், ஒலியைச் சேர்த்துவைத்து எழுப்புகிற லோக்சவுண்ட் டிகோடர் சில்லு அப்படியே உட்காரும். அப்புறம் சர்வசாதாரணமாக, "ஏதாவது ஐரோப்பிய லோகோ ஃபைலைப் போட்டுக்கலாம் சார், யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உனக்கும் தெரியும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். பிளாட்பாரத்தில் வாப்-7 கிளம்பும்போது வருகிற அந்த ஊளை ஒரே சுருதியில் ஏறாது. ஏறும், சட்டென்று கீழே இறங்கும், மறுபடி வேறு சுருதியில் ஏறும். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்துவிட்டுத்தான் ஓட்டத்தில் கரையும். உள்ளே இருக்கிற ஜிடிஓ தைரிஸ்டர்கள் என்கிற பழைய வகை மின்சுவிட்சுகள் மின்சாரத்தை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிற சத்தம் அது. அவை மெதுவாக வெட்டுவதால் நம் காதுக்கு எட்டுகிறது. புதிதாக வருகிற வாப்-7-களில் ஐஜிபிடி என்கிற புது வகை சுவிட்ச். அது வேகமாக வெட்டும், அதனால் அந்தப் பாட்டு இல்லை, வெறும் முனகல். உங்கள் ஊரிலும் ரே 460-களை இவெர்டோன் பட்டறையில் பிரித்து ஐஜிபிடி போட்டு அனுப்பினார்கள் என்று நீதான் எழுதினாய். ஆக, குடும்பம் முழுக்க குரல் மாறிக்கொண்டிருக்கிறது.

இப்போது யோசித்துப் பார். ஒய்.ஏ.எம்-1 ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எப்படி. கொளவாய் ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தாம்பரத்திலிருந்து வருகிற மீட்டர் கேஜ் வண்டிக்காக எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்போம். ஜப்பானிலிருந்து வந்த லோகோ, மொத்தமே இருபதுதான். அதன் ஹாரனை வாயால் அடித்துக்காட்டுவானே நம்ம கேப்டன், நிஜ ரயில் வருகிறது என்று லெவல் கிராசிங் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்ட வண்டிக்காரர் எத்தனை பேர்! 2004-இல் மீட்டர் கேஜ் போயிற்று. போட்டோ இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, நீ பொறுக்கிவந்த பிரேக் கட்டைத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அந்த லோகோ கிளம்புகிற சத்தம் மட்டும் இல்லை, சேகர். நம் மூன்று பேரில் ஒருத்தன்கூட ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கேப்டன் வாயில் அந்த ஹாரன் இருந்தது, அதுவும் அவனோடு போயிற்று. போன மாதம் அவனுக்கு ஐந்தாம் வருஷத் திதி. வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பையன் என்னிடம், "மாமா, அப்பா ஹாரன் அடிக்கிறதை யாராவது ரிக்கார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதனால் மூன்று வாரமாக நானே பதிவு செய்கிறேன். மதியத்தில் முடியாது. வைகை எக்ஸ்பிரஸ் வருகிற நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன், அறிவிப்பும் சமோசாக்காரர் குரலும்தான் விழுந்தன. அதனால் விடியற்காலையில் எழும்பூருக்குப் போகிற வண்டிகளைப் பிடிக்கிறேன். அலாரம் மூன்று மணிக்கு. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வடக்குக் கோடிக்குப் போய்விடுவேன், லோகோ அங்கேதான் நிற்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் மைக்கில் உஸ்ஸென்று அடிக்கிறது, அதற்கு அம்மாவின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி மைக்குக்கு உறை போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் எல்எச்பி என்கிற புது வகைப் பெட்டி வண்டியின் கோடியில் பவர் கார் ஜெனரேட்டர் இரையும். இப்போது பெட்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தையும் லோகோவே கொடுத்துவிடுவதால் வண்டி நிற்கிறபோது அவ்வளவு அமைதி. ப்ளோயர் சுற்றுவது மட்டும் கேட்கும். கம்ப்ரஸர் எடுக்கும், நிற்கும். அப்புறம் சிக்னல் விழும், ஒரு ஹாரன், பிரேக் விடுகிற பெருமூச்சு, பிறகு அந்தப் பாட்டு.

எந்த லோகோ வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் கஷ்டம். ராயபுரம் ஷெட்டுப் பழைய நம்பர் வந்தால் அதிர்ஷ்டம், புதிய நம்பர் வந்தால் முனகல்தான். பதினோரு விடியற்காலையில் எனக்குப் பாட்டு கிடைத்தது நாலு முறை. அதில் ஒன்றில் நாய் குரைக்கிறது, ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம் கும்பகோணம் வண்டி எப்போது என்று கேட்கிறார். மீதி இரண்டு சுத்தம். புதன்கிழமைப் பதிவை ஹெட்போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காதில் ஹெட்போன், அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "டேய், கதவைச் சாத்துடா, வண்டி வீட்டுக்குள்ள வருது" என்றாள்.

இனி உன் வேலை. உன்னிடம் டிகோடரில் ஒலி ஏற்றுகிற லோக்புரோகிராமர் இருக்கிறது, என்னிடம் இல்லை. நின்றபடி இருக்கும் சத்தம், கிளம்புவது, ஓட்டம், நிறுத்தம், ஹாரன் இரண்டு சுருதி, பாண்டோ ஏறும்போது வருகிற காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி, வேகம் கூட்டும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தையல் தெரியாமல் போக வேண்டும். இதில் உனக்கு இருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது, அந்த நாளிலேயே தெரிந்ததுதான். சுருதி இறங்குகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே. அதைச் சமப்படுத்தி 'அழகாக' ஆக்கிவிட்டால் அது வாப்-7 இல்லை. நல்லபடியாக வந்தால் பட்டறைக்காரர் எல்லா லோகோவுக்கும் இதையே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

மற்றபடி வீட்டில் ஏற்பாடுகள் நடக்கின்றன. 236 மில்லிமீட்டர் லோகோ, பின்னால் ஒவ்வொன்றும் 27 சென்டிமீட்டர் எல்எச்பி பெட்டி. பழைய வளைவில் இதெல்லாம் திரும்பாது. உள்வட்டத்தைப் பிரித்துவிட்டேன். வெளிவட்டத்தை ஜன்னல் ஓரம்வரை தள்ளிப் போடுகிறேன். 24 பெட்டியும் கோத்தால் ஆறரை மீட்டர், மாடி அறையில் முன்னும் பின்னும் முட்டிக்கொள்ளும். ஆறு பெட்டி போதும். ஏரிக்கரை ஓரமாகப் போகிற துண்டை மட்டும் நீளமாக வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றுகிற வேலை (ரெசின்தான், நிஜத் தண்ணீர் இல்லை) உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

ஒய்.ஏ.எம்-1 கனவை நான் கைவிட்டதாக நினைக்காதே. மீட்டர் கேஜ் எச்ஓ-வில் பதினொன்றரை மில்லிமீட்டர். உங்கள் ஊரில் மீட்டர் கேஜில் ஓடுகிற ரேட்டிஷ் ரயிலுக்காக பெமோ கம்பெனி போடுகிற தண்டவாளம் பன்னிரண்டு. பிராட் கேஜில் அழுகிற நமக்கு மீட்டர் கேஜில் அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. வரும்போது அந்தத் தண்டவாளம் இரண்டு மீட்டர் வாங்கி வா. உடம்பைத் தகட்டில் நான் கட்டுகிறேன். ஹாரன் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கேப்டன் பையனுக்கு அப்பனுடைய குரல் அப்படியே இருக்கிறது, அவனை ஒருநாள் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

முன்பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஒன்று போட்டிருக்கிறேன். இரண்டு தண்டவாள லோகோதான், உன் ஆணித் தண்டவாளத்தில் ஓடாது, இங்கே வந்துதான் ஓட்ட வேண்டும். விலையைச் சொன்னால் ஃபிராங்கில் கணக்குப் போட்டு மலிவு என்பாய், அதனால் சொல்லவில்லை. மார்கழியில் வருவதாகச் சொன்னாயே, தேதியை எழுது. டை வெட்டி, பெயிண்ட் அடித்து லோகோ கைக்கு வர இன்னும் வெகுநாள் ஆகும். ஆனால் ஒலி அதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. இரண்டு சுத்தப் பதிவையும், அந்தக் கும்பகோணத்துப் பெரியவர் பதிவையும் தனியாக அனுப்புகிறேன். அவர் குரலை வெட்டிவிடாதே, அதை அப்படியே வைத்துக்கொள். மணி பன்னிரண்டாகிறது. மூன்றுக்கு எழுந்திருக்க வேண்டும்.

உன்,
கோபால்