காட்டுல கிடைக்கிற பழைய காசை எங்க கொண்டுபோய் குடுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நொய்யல் கரையோரம் எங்க பக்கத்துல கொஞ்ச நாளா ஒண்ணு நடக்குதுங்க. அறுப்பு முடிஞ்சு காடு சும்மா கிடக்கிற நேரமா பார்த்து வெளியூர் பசங்க பைக்ல மெட்டல் டிடெக்டரோட வர்றாங்க. சில பேர் கேட்டுட்டு இறங்குறாங்க, சில பேர் ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வரப்பைத் தாண்டி வந்துடறாங்க, காலைல போய் பார்த்தா அங்கங்க சின்னச் சின்ன குழி, மூடக்கூட இல்ல. மெஷின் ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடுது, எப்படித் தேடணும்னு சொல்லித்தர வீடியோவும் ஏகப்பட்டது கிடக்கு. குழி தோண்டுனது எனக்குப் பெரிய விஷயம் இல்லைங்க, ஒரு ஓட்டு ஓட்டுனா சரியாயிடும். உள்ளருந்து எடுத்துட்டுப் போறது திரும்ப வராதே, அதுதான் வயிறு எரியுது.

இது சாதாரண மண்ணு இல்லைங்க. கொடுமணல் இங்கதான் இருக்கு, தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்து கீறுன பானை ஓடு, கல்மணி செஞ்ச பட்டறை, இரும்பு உருக்குன உலைன்னு அங்க கிடைச்சது கொஞ்சமா நஞ்சமா. கேரளக் கரையில இருந்த முசிறித் துறைமுகத்துல இறங்குன ரோமானிய யாவாரிங்க சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூருக்குப் போன பாதை இது, படியூர் பச்சைக்கல்லுக்காக அவங்க கொட்டுன வெள்ளிக்காசு இன்னும் நம்ம காடுகள்ல கிடக்கு. கோயமுத்தூர் வெள்ளலூர்ல மட்டும் 1842ல ஐநூத்துக்கும் மேல ரோமானிய வெள்ளிக்காசு ஒரே இடத்துல கிடைச்சுது. கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச காசை வச்சுத்தான் சங்ககாலச் சேரர் நாணயத்தைப் பத்தி நிறைய தெரிய வந்துச்சு, மாக்கோதைன்னு பேரும் ராஜா முகமும் போட்ட வெள்ளிக்காசு உட்பட.

காசு தனியா கையில இருந்தா அது வெறும் உலோகம்தாங்க. எந்த ஆழத்துல, எந்தப் பானை ஓட்டோட, தாழிக்குள்ளயா வெளியவா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் அது நமக்கு ஏதாவது சொல்லும். இங்கிலாந்துல நடந்த ரெண்டு சம்பவத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 1992ல ஹாக்ஸ்னிங்கிற ஊர்ல ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைச்சுட்டு டிடெக்டர் வச்சிருந்த நண்பரைத் தேடச் சொன்னாரு. அவருக்குக் கிடைச்சது ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளி. கொஞ்சம் எடுத்ததுமே தோண்டறதை நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டாரு, மறுநாளே தொல்லியல் ஆளுங்க வந்து முறையா எடுத்ததுல சுமார் 15,000 காசு, கூடவே அதை வச்சிருந்த மரப்பெட்டியோட தடயம்கூட கிடைச்சுது. 17.5 லட்சம் பவுண்டு குடுத்தாங்க, கண்டுபிடிச்சவரும் விவசாயியும் பங்கு போட்டுக்கிட்டாங்க. இன்னொண்ணு 2015ல, லெம்ஸ்டர் பக்கத்துல ரெண்டு பேரு சொல்லாம கொள்ளாம புதையலை எடுத்து வித்துட்டாங்க. சுமார் 300 காசு இருந்திருக்கும்ங்கிறாங்க, பெரும்பகுதி இன்னிக்கும் எங்க போச்சுன்னே தெரியல. 2019ல ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. அந்தக் காலத்து ஆங்கிலேய ராஜா ஆல்ஃபிரடும் பக்கத்து நாட்டு ராஜாவும் கூட்டணியா இருந்தாங்கன்னு காட்டுற காசு அதுல இருந்துச்சு, மிச்சத்துல என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும்.

அதுக்காக டிடெக்டரையே தடை பண்ணிடுங்கன்னு நான் சொல்ல வரலைங்க. ரொட்டவேட்டரும் டிஸ்க் கலப்பையும் மேல்மண்ணை வருஷா வருஷம் பெரட்டிட்டுத்தான் இருக்கு, உரத்துல காசு அரிச்சும் போகுது, அந்த மேல்மண்ணுல கிடைக்கறதை எடுத்து இடத்தைக் குறிச்சு வச்சா நல்லதுதான். அதுக்குக் கீழ, உழவு படாத மண்ணுல போய் தோண்டறதுதான் தப்பு, தாழி, ஈமக்காடுன்னு எல்லாம் அங்கதான் இருக்கு.

நம்ம ஜனங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா பயம். ஏர் ஓட்டும்போது ஒரு காசு கிடைச்சா, போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விட்ருவாங்க, காட்டையும் புடுங்கிக்குவாங்கன்னு நெனைச்சு கமுக்கமா உருக்கிடறாங்க. ஆனா 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு, அதுல என்ன இருக்குன்னு யாரும் எடுத்துச் சொல்லல. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கிடைச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், குடுக்கலைன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். விசாரணையில வேற உரிமைக்காரங்க இல்லைன்னு ஆயிட்டா, தனியா ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இதை எத்தன விவசாயிக்குத் தெரியும்? அரசாங்கமே எடுத்துக்கிட்டா குடுக்கறது உலோகத்தோட மதிப்பும் அதுல அஞ்சுல ஒரு பங்கும் மட்டும்தான். பழமைக்குன்னு ஒத்த ரூபா கிடையாது. கள்ளச்சந்தைல ஒரு சங்ககாலக் காசுக்கு எவ்வளவோ குடுக்கறான், இங்க செம்பு விலை குடுத்தா யாருங்க கொண்டுவருவா? இந்த ஒண்ணை மாத்தாம எத்தன போர்டு வச்சாலும் நடக்காது.

இங்கிலாந்துல 1997ல சில இடத்துல மட்டும் ஆரம்பிச்சு, இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் இதுக்குன்னே ஆள் போட்டிருக்காங்க, கிடைச்சதைக் கொண்டுபோய்க் காட்டுனா போட்டோ எடுத்து இடத்தைக் குறிச்சுக்கிட்டு, புதையல் கணக்குல வராததைத் திருப்பிக் குடுத்துடறாங்க. இதுவரைக்கும் 15 லட்சத்துக்கும் மேல பொருள் பதிவாகியிருக்கு. நமக்கும் ஈரோட்டுல, கோயமுத்தூர்ல, கரூர்ல அரசு மியூசியம் இருக்குங்க. அங்க ஒருத்தரை இதுக்குன்னு உக்கார வச்சு ஒரு போன் நம்பர் குடுத்தா போதும், வி.ஏ.ஓ. ஆபீஸ்லயும் உழவர் சந்தையிலயும் அந்த நம்பரை ஒட்டி வைக்கலாம். எங்க ஊர்லயே வீட்டுல காசு வச்சுக்கிட்டு யார்கிட்ட காட்டறதுன்னு தெரியாம இருக்கறவங்க இருக்காங்க. தொல்லியல் துறையும் கலெக்டருங்களும் இதைப் பார்த்து, அடுத்த உழவுக்கு முன்னாடியாச்சும் அந்த நம்பரை அறிவிக்கணும்னு கேட்டுக்கறேங்க.

இப்படிக்கு,
சென்னிமலை பக்கத்து விவசாயி ஒருத்தர்