என் வீட்டுக்காரர் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

சென்ட்ரல் எதிரில் இருக்கும் அரசு பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவைச் சிகிச்சைப் பிரிவு டாக்டர்களுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், பெரம்பூர் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கும் வணக்கம்.

அவருக்குக் காலில் பைபாஸ் ஆபரேஷன் செய்த வருடம் பள்ளியில் சேர்ந்த எங்கள் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவர் இன்றும் இரண்டு காலோடு ஆட்டோ ஓட்டுகிறார். போனது ஒரு விரல் மட்டும்தான்.

பீடி, புகையிலைப் பழக்கத்தால் கை கால் ரத்தக்குழாய்கள் அடைத்துப்போகும் பர்ஜர் நோய் என்றால் அன்றைக்கு எங்களுக்கு என்ன தெரியும்? சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. கட்டைவிரல் கறுத்து, ராத்திரியெல்லாம் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று வேறோர் இடத்தில் சொன்ன பிறகுதான் உங்களிடம் வந்தோம். தொடையிலிருந்து ஒரு சிரையை எடுத்து, முழங்காலுக்குப் பின்னாலிருந்து கணுக்கால் வரை கொண்டுபோய்த் தைத்தீர்கள். இந்த நோயில் பாதத்துப் பக்கம் தைப்பதற்கு நல்ல குழாய் கிடைப்பதே அபூர்வமாம். பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்த கைகளுக்குக் கோடி நன்றி.

அன்று ராத்திரி டூட்டி சிஸ்டரை மறக்கவே மாட்டேன். பாதத்தில் ஜெல் தடவி, சின்ன டாப்ளர் கருவியை வைத்து, "புஸ்... புஸ்..." சத்தம் கேட்ட இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுத்த ஷிஃப்டில் வருபவர் தேடித் தடுமாறக் கூடாதாம். என்னையும் கூப்பிட்டு, "கேளுங்கம்மா, ரத்தம் ஓடுது" என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று பெரிய டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த நோயில் இப்படி எடுத்துத் தைத்த ஒட்டுக்குழாய் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குப் பக்கம் அடைத்துவிடும், ஆனால் குழாய் அடைத்தால் கால் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றார். புண் ஆறுவதற்குத்தான் நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய காலுக்குக் கொஞ்சம் போதும், அதற்குள் பக்கத்துச் சின்னக் குழாய்களும் வளர்ந்துவிடும். ஒரே நிபந்தனை, பீடியைத் தொடக்கூடாது. ஒன்றிரண்டு பிடித்தாலும் சரி, புகையிலையை வாயில் அடக்கினாலும் சரி, நோய் மறுபடி கிளம்பிவிடும்.

டாக்டர் சொன்னபடியே சில வருடம் கழித்துக் குழாய் அடைத்தது. பதறிக்கொண்டு ஓடிவந்தோம். ஆனால் பாதத்தில் சூடு இருந்தது, புண் இல்லை. மறுபடி கத்தி வைக்கத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டீர்கள். ரொம்ப தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும், நின்று நின்று போவார். அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்டாண்டு அண்ணன்கள். டாக்டர் சொன்ன நிபந்தனையைக் காப்பாற்றியது நீங்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அவர் இருக்கும்போது ஒருவரும் பற்ற வைக்கவில்லை. டீக்கடை அண்ணாச்சி, கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கை நடுங்கிய அந்த முதல் மாதங்களில் அவரைத் தனியாக உட்கார விடாமல் பேச்சுக்கொடுத்தீர்கள், சவாரியையும் விட்டுக்கொடுத்தீர்கள்.

காப்பீட்டு அட்டைக்காக அலைந்த தம்பிக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆபரேஷன் அன்று குழந்தைக்குச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. இதே நோயோடு அந்த வார்டில் யாராவது இருந்தால் எங்கள் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். அவரே உட்கார்ந்து பேசுவார், காலையும் காட்டுவார்.