படத்தை மாற்றித் தாருங்கள், எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்

இணையத்தில் படங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் தளங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் தளத்துக்கு யாரும் பொழுதுபோக்க வருவதில்லை. விண்ணப்பிக்க இன்றே கடைசி நாளாக இருக்கும். படிவம் ஜேபிஜி மட்டும்தான் ஏற்பேன் என்று நிற்கும். கையில் இருப்பதோ எச்இஐசி (HEIC) என்ற வடிவத்தில் உள்ள படம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்தப் படங்களை அப்படித்தான் சேமிக்கின்றன. அந்த அவசரத்தில் உங்களிடம் வந்து விழுவது என்னென்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், கையெழுத்து, ரத்தப் பரிசோதனை முடிவு.

நானும் அப்படித்தான் என் தங்கையின் பாஸ்போர்ட் பக்கத்தை ஒரு தளத்தில் ஏற்றினேன். சில நொடிகளில் ஜேபிஜி வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, அந்தப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது? பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று போட்டிருந்தார்கள். அழித்தார்களா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது? தங்கையிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

இந்த வேலைக்குப் படம் உங்கள் சர்வர் வரை வர வேண்டியதே இல்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிஎன்ஜி (PNG), வெப்பி (WebP) வடிவப் படங்களை ஜேபிஜி ஆக்குவதை பிரவுசரே செய்துவிடும். பிரவுசருக்குள்ளேயே படம் வரைய இருக்கும் பலகையான கான்வாஸில் வரைந்து வேறு வடிவத்தில் எழுதினால் முடிந்தது. எச்இஐசி போல பல பிரவுசர்கள் தாமாகத் திறக்காத வடிவங்களுக்கு, கனமான நிரல்களை பிரவுசருக்குள்ளேயே வேகமாக ஓட்ட உதவும் வெப்அசெம்பிளி இருக்கிறது. 2017 முதலே முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. கூகுள் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ், படத்தை எங்கேயும் அனுப்பாமல் நம் கருவியிலேயே சுருக்கித் தருகிறது. இப்போதெல்லாம் நான் ஒரு தளத்தைத் திறந்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் படத்தைப் போடுகிறேன். அப்போதும் மாற்றித் தந்தால் சரி, இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். ஆனால் கடைசி நாள் பதற்றத்தில் இருப்பவர் இந்தச் சோதனையெல்லாம் செய்துகொண்டிருக்க மாட்டார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலையும் கவனியுங்கள். எடுத்த நாள், நேரம், கைபேசி மாடல், இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் எடுத்த படமென்றால் வீட்டு முகவரியையே கொடுத்த மாதிரி. சில தளங்கள் அதை அப்படியே விட்டுவிடுகின்றன, சில சொல்லாமல் அழிக்கின்றன. வைக்கவா, நீக்கவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீக்குவதானால் படத்தை முதலில் நேராகத் திருப்பிவிட்டு நீக்குங்கள். எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது; அது போனால் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இன்னொன்று, கையெழுத்து. பின்னணி நீக்கிய பிஎன்ஜி, கறுப்பு மையில் போட்ட கையெழுத்து. ஜேபிஜியில் ஒளிபுகும் பின்னணிக்கு இடம் கிடையாது. வெள்ளை நிரப்பும்படி நீங்கள் சொல்லாவிட்டால் கான்வாஸ் அங்கே கறுப்பை நிரப்பிவிடும். கறுப்பில் கறுப்பு, திறந்து பார்த்தால் வெறும் கறுப்புக் கட்டம். திறந்து பார்க்காமலே அதைப் படிவத்தில் இணைத்து அனுப்பியவரை எனக்குத் தெரியும். வெள்ளை நிரப்ப உங்களுக்கு ஓரிரு வரி நிரல் போதும்.

ஜேபிஜியை பிஎன்ஜி ஆக்கினால் தரம் கூடும் என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சுருக்கும்போது ஜேபிஜி தொலைத்த விவரம் திரும்பி வராது, கோப்பு மட்டும்தான் பெருக்கும்.

சர்வர் இல்லாமல் முடியாத வேலைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பதிவேற்றும் பொத்தானுக்கு மேலேயே, அதே அளவு எழுத்தில், இந்தப் படம் எங்கள் சர்வருக்கு வரும், இத்தனை மணி நேரத்தில் அழிப்போம் என்று போடுங்கள். கூடவே, இப்போதே அழி என்று ஒரு பொத்தானும் வையுங்கள். என் தங்கையின் பாஸ்போர்ட்டை ஏற்றிய அன்று நான் பக்கம் முழுக்கத் தேடியது அந்தப் பொத்தானைத்தான்.

அன்புடன்,
உங்கள் தளங்களை இனியும் நாடி வரப்போகும் ஒருவர்