மொட்டைமாடிச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்கள்.

அனுப்புநர்: டிஷ் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே பிழைப்பாக உள்ள சிலர்.

வணக்கம்.

சன் டிவி எச்.டி.க்கும் விஜய் டிவி எச்.டி.க்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறவர் வீட்டில், சாயங்காலம் ஏழரை மணிக்குப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அவர் நிறுவனத்தைக் கூப்பிடுகிறார், நிறுவனம் எங்களை அனுப்புகிறது. நாங்கள் வந்து நிற்கும் இடம் உங்கள் பூட்டிய மொட்டைமாடிக் கதவு. செயலாளர் ஊரில் இல்லை, சாவி வாட்ச்மேனிடமும் இல்லை. இந்த மடல் அந்தப் பூட்டைப் பற்றியது மட்டுமல்ல, ஆனால் அங்கேதான் தொடங்குகிறது. எச்.டி. படம் கெடுகிற இடங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்காரர் கைக்கு எட்டாதவை. மாடி, டக்ட் (கேபிள்கள் இறங்கும் குழி), பைப் எல்லாம் சங்கத்தின் கையில்.

முதலில் பால்கனி. "மாடியில் இடம் இல்லை, அவரவர் பால்கனியில் மாட்டிக்கொள்ளட்டும்" என்று தீர்மானம் போட்டிருக்கும் சங்கங்கள் நிறைய. சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே நிற்கின்றன. டாடா பிளே நிறுவனத்தின் கோள் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது, அது இங்கே 74 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து சற்றே கிழக்காக இருக்கிறது. சன் டைரக்டுக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் பொதுவான 93.5 டிகிரி 68 டிகிரி உயரத்தில், சரியாகத் தென்கிழக்கில். டிஷ்ஷுக்கு 2 மீட்டர் மேலே அடுத்த வீட்டுத் தளம் இருந்தால், விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி மாட்டிய டிஷ் வானத்தைப் பார்க்காது. வெளியே நீட்டி மாட்டினால் மேல்வீட்டுக்காரர் தொங்கவிடும் போர்வை மறைக்கும். வடக்கும் மேற்கும் பார்த்த வீடுகளுக்குப் பால்கனியில் வழியே கிடையாது. ஆகவே எல்லாரும் மாடிக்குத்தான் வந்தாக வேண்டும்.

மாடியில் நல்ல செய்தி ஒன்று உண்டு. கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், டிஷ்ஷைவிட 2 மீட்டர் உயர்ந்த ஓவர்ஹெட் டேங்க்கூட ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் போதும், மறைக்காது. தென்கிழக்கு மூலையில் நான்கடிக்கு நான்கடி இடம் ஒதுக்கினால் முழுக் கட்டடத்துக்கும் போதும். பதினாறு வீட்டுக்குப் பதினாறு டிஷ் தேவையே இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

"சாதாரண சேனல் ஓடுகிறது, எச்.டி. மட்டும் போகிறது, அப்படியென்றால் டிஷ் சரியாகத்தானே இருக்கிறது?" என்று எங்களிடம் கேட்காத வீடு இல்லை. டிஷ் அரைகுறையாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 8பிஎஸ்கே என்ற நெருக்கமான பண்பேற்றத்தில் வருகின்றன. ஒரு குறியீட்டில் மூன்று பிட்டுகளை அடைத்து அனுப்புகிற முறை அது. இரண்டு பிட் மட்டும் அனுப்பும் கியூபிஎஸ்கேக்கு, நான்கில் ஒரு பங்கைப் பிழை திருத்தவே ஒதுக்கும் 3/4 விகிதத்தில், இரைச்சலைவிட சிக்னல் 4 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) மேலே இருந்தால் போதும். 8பிஎஸ்கேக்கு ஏறத்தாழ 8 டெசிபெல் வேண்டும். அந்த 4 டெசிபெல் வித்தியாசத்தில்தான் உங்கள் வீட்டுத் தூறல், துருப்பிடித்த கனெக்டர், யாரோ இடித்துவிட்டுப் போன டிஷ் எல்லாம் அடங்குகின்றன. செட்டாப் பாக்ஸ் மெனுவில் 'ஸ்ட்ரெங்த்' எவ்வளவு காட்டினாலும் அதை நம்பாதீர்கள். 'குவாலிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. ஒன்றரை டிகிரி திரும்பினால் சிக்னல் பாதியாகிவிடும். ஒன்றரை டிகிரி என்றால் எவ்வளவு? டிஷ் விளிம்பில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. துணிக்கொடியை டிஷ் கையில் கட்டி ஈரப் போர்வையைப் போட்டால் அவ்வளவு நகரும். டேங்க் கழுவ வருகிறவர் காலை ஊன்றினால் நகரும். வடாம் காயப்போட வருகிற அம்மாக்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, டிஷ்ஷை நிழலுக்காகத் திருப்பி வைக்காத வரையில். கொடிக்கென்று தனிக் கம்பி நட்டுக்கொடுங்கள், பாதிப் புகார் குறையும்.

டிஷ்ஷைத் தளத்தில் துளைபோட்டுப் பொருத்த விடாதீர்கள். தட்டோடு பதித்த மாடியில் ஆங்கர் போல்ட் இறங்கினால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும், பழி எங்கள் தலையில் விழும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் செங்கல் இணைப்பில் படாமல், கான்கிரீட் இருக்கும் இடத்தில் நான்கு ஆங்கர் போல்ட் அடிக்கலாம். அல்லது கான்கிரீட் பிளாக்கில் கம்பியை நட்டு, அடியில் ரப்பர் விரித்து வைக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 130 கிலோமீட்டர் காற்று 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை நேராக அடித்தால் 25 கிலோ எடையால் தள்ளுவது போல இருக்கும். 90 சென்டிமீட்டர் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பிளாக்கின் எடையை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மேஸ்திரியிடம் மிச்சமிருக்கும் சிமென்டை வைத்து அல்ல. டிஷ் நிற்கும் கம்பியிலிருந்து கட்டடத்தின் எர்த்துக்குச் செம்புக் கம்பியும் இழுக்க வேண்டும்.

இப்போது கேபிள். அதிகம் ஏமாற்றப்படுவது இங்கேதான்.

டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலை வாங்கும் சின்னப் பெட்டிதான் எல்.என்.பி. அதிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆர்ஜி-6 என்ற வழக்கமான டிஷ் கேபிளில் 100 மீட்டருக்கு 950இல் சுமார் 20 டெசிபெல் குறையும், 2150இல் 30க்கு மேல். ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைத்தள வீட்டுக்கு 30 மீட்டர் ஆகிவிடும். நல்ல கேபிள் என்றால் அது பிரச்சினையில்லை. ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பது, நடுக்கம்பி இரும்பாகவும் மேலே செம்புப் பூச்சாகவும் உள்ள கேபிள். சிக்னலுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளும், மின்சாரத்துக்கு ஒத்துக்கொள்ளாது. பாக்ஸ்தான் இதே கேபிளில் எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்புகிறது: 13 வோல்ட் வந்தால் செங்குத்து அலைகள், 18 வோல்ட் வந்தால் கிடை அலைகள். இரும்புக் கம்பியில் 50 மீட்டர் ஏறி, இடையில் இரண்டு துருப்பிடித்த ஜாயின்ட்டையும் தாண்டி, 18 என்பது 14 ஆகிப் போய்ச் சேர்ந்தால் எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். சேனல்களில் ஒரு பகுதி மொத்தமாகக் காணாமல் போகும், மற்றவை பளிச்சென்று ஓடும். பாக்ஸை மாற்றிப் பார்ப்பார்கள், டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பார்கள். மல்டிமீட்டரை எல்.என்.பி. முனையில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியக் கூடாது, காந்தம் ஒட்டக் கூடாது.

கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டரை நீங்களே பார்த்துச் சரிபார்க்கலாம். நடுக்கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். பின்னல் கம்பியின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். கையால் திருகிப் போடும் ரகம் மாடியில் ஒரு மழைக்காலம் தாங்காது. கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் ரகம் வேண்டும். எல்.என்.பி.க்கு முன்னால் கேபிள் கீழே வளைந்து, அதன் பிறகே மேலேறிப் போக வேண்டும், அப்போதுதான் மழைநீர் அந்த வளைவில் சொட்டி விழும். வளைவு இல்லாமல் விட்டால் தண்ணீர் கனெக்டருக்குள் புகுந்து, பின்னல் வழியாகத் திரிபோல் இழுத்துக்கொண்டு கேபிளுக்குள்ளேயே பல மீட்டர் இறங்கும். அந்தக் கேபிளைக் காயவைக்க முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். கனெக்டர் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் வெயிலில் பசை உருகிவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள்.

டக்ட் பற்றி ஒரு வார்த்தை. 25 மில்லிமீட்டர் பைப்பில் வசதியாக நான்கு ஆர்ஜி-6தான் போகும். ஏழாவதைத் திணிக்கும்போது முதல் ஆறின் உறை கிழிகிறது. கரண்ட் லைன் போகும் பைப்பில் டிவி கேபிள் கூடாது, லிஃப்ட் குழியில் அறவே கூடாது. சிசிடிவிக்காரரும் இன்டர்நெட்காரரும் வரும்போது எந்தக் கேபிள் யாருடையது என்று தெரியாமல் கையில் சிக்கியதை வெட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு முனையிலும் வீட்டு எண் எழுதிய டேக் கட்ட ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா?

இனி ஒரே டிஷ் விஷயம். பதினாறு வீட்டுக் கட்டடத்துக்கு 90 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று, நான்கு வெளியீடு உள்ள குவாட்ரோ எல்.என்.பி. ஒன்று, ஒவ்வொரு வீட்டு பாக்ஸும் கேட்கும் அலையை அதற்கு எடுத்துக் கொடுக்கும் பதினாறு வழி மல்டிஸ்விட்ச் ஒன்று வேண்டும். ஸ்விட்ச் வெயிலும் மழையும் படாத லிஃப்ட் அறை ஓரத்தில் இருக்கலாம். நான்கு கேபிள் டிஷ்ஷிலிருந்து ஸ்விட்ச்சுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு ஒன்று. சில நிறுவனங்கள் அந்த நான்கில் இரண்டு வெளியீடுகளையே பயன்படுத்துவதால் அதற்கு இரண்டு கேபிளே போதும், முன்கூட்டியே கேளுங்கள். ஒரு வீட்டில் இரண்டு டிவி என்றால் இரண்டு கேபிள், அப்போது 32 வழி ஸ்விட்ச். பாக்ஸும் கார்டும் சந்தாவும் அவரவருடையவைதான், பொதுவாவது டிஷ் மட்டுமே. 60இலிருந்து 90 ஆனதில் கிடைக்கும் மூன்றரை டெசிபெல்தான் ஐப்பசி மழையில் எச்.டி.யைக் காப்பாற்றும். வேறு கோளில் வேறு நிறுவனம் வைத்திருக்கும் வீடுகளுக்கு இரண்டாவது டிஷ்ஷும் ஸ்விட்ச்சும் வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. நிறுவனத்தின் மூலமாகவே செய்யுங்கள். இருபது ரூபாய் ஸ்பிளிட்டரை வைத்து ஒரு எல்.என்.பி.யை நான்கு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டு பாக்ஸ் 13 கேட்கும், அடுத்த வீடு 18 கேட்கும், இரண்டு வீட்டிலும் சண்டை வரும்.

மாடியில் எல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கலாக இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரில் எச்.டி. வராது, எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். பாக்ஸ் மெனுவில் வெளியீடு 1080i என்று இருக்க வேண்டும். எஸ்.டி. (சாதாரணத் தரம்), எச்.டி. இரண்டும் தனித்தனி எண், தனித்தனி விலை. கே டிவியின் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டு, 'எச்.டி. பேக் போட்டும் வரவில்லை' என்பவர்கள் ஏராளம். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் டிஷ் சேவையில் எஸ்.டி.யாகவே வருகின்றன. 720க்கு 576 புள்ளிப் படத்தை 55 அங்குலத் திரையில் இழுத்தால் அப்படித்தான் இருக்கும், அதற்கு எந்த டிஷ்ஷும் பொறுப்பல்ல.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், முற்பகல் பதினொன்றை ஒட்டிச் சில நிமிஷம் 93.5 டிகிரி சேனல்கள் போய்விட்டுத் தானே திரும்பும். சூரியன் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. அதற்கு எங்களைக் கூப்பிட வேண்டாம், வந்து சேர்வதற்குள் சரியாகியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியைத் திறந்து வையுங்கள். எல்லா நிறுவன ஆட்களும் அன்றைக்கே வந்து கனெக்டர், டேப், போல்ட் மூன்றையும் பார்த்துவிடட்டும். மற்ற நாட்களில் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இல்லையென்றால் யாரிடம் என்று இரண்டு பெயரும் இரண்டு வீட்டு எண்ணும் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னை டிஷ் பொருத்துநர்கள் சிலர்